நோட்டீஸில் இல்லாத வரி

திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் நீங்கள் வந்தால், டீக்கடையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கையில் ஒரு நோட்டீஸ் கிடைத்துவிடும். பேப்பருக்குள் மடித்து வந்திருக்கும். இல்லாவிட்டால் பைக்கில் வந்த பையன் நீட்டிவிட்டுப் போவான். வழவழ தாள். மேலே பிள்ளையார். கீழே, கோட்டு போட்ட ஒருத்தர் சிரிக்கிறார்.

'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம். முப்பது அடி ரோடு. நான்கு வழிச்சாலைக்கு மிக அருகில். ஆர்ச், பூங்கா, தெருவிளக்கு வசதி. சுலபத் தவணை. முன்பதிவு செய்தால் தங்கக் காசு. மனையைப் பார்க்க இலவச வேன், மதிய உணவு உண்டு.'

வத்தலக்குண்டு ரோடா, பழநி ரோடா, நத்தம் ரோடா... ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், எல்லாத் திசைக்கும் இதே நோட்டீஸ் பொருந்தும். நேற்று வரை சோளமும் நிலக்கடலையும் போட்ட மானாவாரிக் காட்டில், இன்றைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசையாக நிற்கும்.

இந்த நோட்டீஸில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. பத்து நிமிஷம்கூட உண்மைதான். ராத்திரி ஒரு மணிக்கு, காலி ரோட்டில், காரில் போனால் பத்து நிமிஷம்தான். பூங்கா? வரைபடத்தில் பச்சையாக இருக்கிறதே!

சரி, தண்ணீர்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போர் போட்டால் எத்தனை அடியில் வரும், வந்தால் வாயில் வைக்க முடியுமா என்று நோட்டீஸ் சொல்லவே இல்லை. சொல்லாததைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதுதான் இந்த வாரக் கேள்வி. விற்கிறவர் பொய் சொல்லவில்லை. தெரிந்த உண்மையையும் சொல்லவில்லை. இதற்கு என்ன பேர்? வியாபார சாமர்த்தியமா, ஏமாற்றா?

இதற்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல். ரோமாபுரி சிசரோ கி.மு. 44-ல் தன் மகனுக்குப் புத்தி சொல்லி 'கடமைகள்' பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வரும் ஒரு கதை, அச்சு அசலாக நம்ம ஊர் 'சைட் விசிட்' கதை.

கேனியஸ் என்று ஒரு ரோமானியப் பணக்காரர். சிசிலித் தீவில் சிராக்யூஸ் நகரத்துக்குப் போனவருக்கு, அங்கே ஒரு தோட்டம் வாங்கிப் போட ஆசை. காதில் விழுந்தது பிதியஸ் என்ற லேவாதேவிக்காரருக்கு. 'என் தோட்டம் விற்பனைக்கு இல்லை. ஆனால் நாளைக்குச் சாப்பிட வாங்களேன்' என்றார். அன்றைக்கே மீனவர்களைக் கூப்பிட்டு, 'நாளைக்கு என் தோட்டத்துக்கு முன்னால் வந்து வலை போடுங்கள்' என்று ஏற்பாடு செய்துவிட்டார். கேனியஸ் வந்தார். தடபுடல் விருந்து. எதிரே கடலில் படகுக் கூட்டம். ஒவ்வொரு மீனவரும் பிடித்த மீனைக் கொண்டுவந்து பிதியஸ் காலடியில் கொட்டுகிறார். 'என்னய்யா இது!' 'இந்த ஊர் மீனெல்லாம் இங்கேதானே இருக்கிறது!' அப்புறம் என்ன? கேனியஸ் கெஞ்சிக் கூத்தாடி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார்.

மறுநாள் நண்பர்களோடு வந்து பார்த்தால் கடலில் ஒரு படகு இல்லை. 'மீனவர்களுக்கு இன்றைக்கு லீவா?' என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டார். 'இங்கே யாரும் மீன் பிடிக்கிறதே இல்லையே. நேற்று ஏன் வந்தார்கள் என்று எனக்கே ஆச்சரியம்' என்றார் அவர்.

இலவச வேனும் மதியச் சாப்பாடும் எவ்வளவு பழைய சமாசாரம், பார்த்தீர்களா?

பிதியஸ் செய்தது நாடகம். அதை மோசடி என்று சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள். அதே நூலில் சிசரோ இன்னொரு வழக்கையும் எடுக்கிறார். வீட்டில் குறை இருப்பது விற்கிறவருக்கு மட்டும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டுமா? பாபிலோன் டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் வேறு ஆள்), 'சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றில்லை' என்ற கட்சி. அவர் சீடர் ஆன்டிபேட்டர் எதிர்க்கட்சி: 'உனக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்கும் தெரியணும்.' சிசரோ, சீடர் பக்கம் நின்றார்.

குருவின் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. திண்டுக்கல் மார்க்கெட்டில் சிறுமலை வாழைப்பழம் விற்கிற அம்மா, 'இந்தச் சீப்பில் ரெண்டு அடிபட்டிருக்கு சாமி' என்று கூவியா விற்கிறார்? அப்படிக் கூவணும் என்று சொன்னால் எந்தக் கடையாவது நடக்குமா? காமர்ஸ் படித்தவர்களுக்கு 'கேவியட் எம்ப்டர்' ஞாபகம் இருக்கும். வாங்குகிறவனே, ஜாக்கிரதை! 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, இந்தக் கொள்கையில்தான் நிற்கிறது.

ஆனால், நிலத்துக்கு வரும்போது சட்டத்தின் குரலே மாறுகிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவைப் பாருங்கள். சொத்திலோ பாத்தியதையிலோ ஒரு முக்கியமான குறை இருக்கிறது; விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது; சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், விற்கிறவர் அதைச் சொல்லியே ஆகணும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது.

வாழைப்பழத்துக்கு ஒரு நியாயம், நிலத்துக்கு ஒரு நியாயமா? ஆமாம். ஏனென்றால் பழத்தைத் திருப்பிப் பார்க்கலாம், அமுக்கிப் பார்க்கலாம். மோசமாக இருந்தால் நாளைக்கு வேறு கடை. நிலத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பது? பெரும்பாலான குடும்பங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் இடம் வாங்குகின்றன. நகையை வைத்து, பி.எஃப். லோன் போட்டு. அடுத்த தடவை உஷாராக இருக்கலாம் என்றால், அந்த அடுத்த தடவை வருவதே இல்லை.

தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நான் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பேகம்பூர், ஹைதர் அலியின் தங்கை பெயரால் அமைந்த ஊர் என்பார்கள். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அதன் அடையாளம் தோல் ஷாப்புகள். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி.செல்வராஜ் 'தோல்' என்று நாவலாக எழுதி, 2012-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். தோல் பதனிட்ட கழிவுநீர் நிலத்துக்குள் போன கதை, சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பில் நம்ம ஊர்க் கணக்கும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாலு கிணற்றில் மூன்று!

அது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கு விற்கிற மனையெல்லாம் அப்படித்தான் என்று சொன்னால் நானும் பொய்யனாகிவிடுவேன். நல்ல தண்ணீர் இருக்கிற இடமும் உண்டு. ஆனால், எது எந்த இடம் என்பது கல் ஊன்றுவதற்கு முன்னால் அங்கே போர் போட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். வேனில் வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது. சட்டம் சொல்கிற 'குறை'யில் தண்ணீர் சேருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். வீடு கட்டிக் குடிவந்து, மாதாமாதம் டேங்கர் லாரிக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற அம்மாவுக்கு அதில் சந்தேகம் இருக்காது.

நிலத்தில் மௌனம் ஒரு தடவையோடு முடிவதில்லை. இரண்டு தடவை வேலை செய்கிறது. முதல் தடவை, விவசாயியிடம்.

புரோக்கர் காட்டுக்கு வருகிறார். பைபாஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று அவருக்குக் காதுவழியாகத் தெரியும். 'இந்தப் பக்கம் ஒண்ணும் வராதுண்ணே. மழையும் இல்ல, வெள்ளாமையும் இல்ல. பேசாம குடுத்துட்டுப் பொண்ணு கல்யாணத்தை முடிங்க' என்கிறார். ஆறு மாதம் கழித்து, அதே காட்டில், அதே வாய், வேனில் வந்தவர்களிடம் பேசுகிறது: 'இந்தப் பக்கம்தான் சார் எல்லாமே வருது!'

ஒரே மண். ஒரே புரோக்கர். ரோடு வரப்போவது விவசாயிக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் மனை வாங்குகிறவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நடுவில் நிற்கிறார். அவர் லாபத்தில் உழைப்புக்கும் ரிஸ்க்குக்கும் உரிய பங்கு போக, மிச்சம் இந்த இரண்டு பேரின் அறியாமைக்குக் கிடைத்த விலை.

விளம்பரம் போட்டு வறண்ட நிலத்தை விற்பது நாம் கண்டுபிடித்த வித்தையில்லை. அமெரிக்காவில், 19-ம் நூற்றாண்டில், மேற்கு எல்லையில் இருந்த பொது நிலத்தை அரசாங்கம் ரயில்வே கம்பெனிகளுக்கு ஏக்கர் ஏக்கராகத் தூக்கிக் கொடுத்தது. கம்பெனிகள் அதை விற்க போஸ்டர் அடித்தன. 1872-ல் பர்லிங்டன் ரயில்வே அடித்த ஒன்று பிரபலம். அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் லட்சக்கணக்கான ஏக்கர். பத்து வருஷத் தவணை. ஆறு சதவிகித வட்டி. விளைச்சலே நிலத்துக்கான பணத்தை அடைத்துவிடும்! நம்ம 'சுலபத் தவணை'யின் கொள்ளுத்தாத்தா.

அந்தப் பக்கம் மழை குறைவாயிற்றே? அதற்கும் ஒரு பதில் வந்தது. உழுதால் போதும், ஏர் போகிற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று சார்லஸ் வில்பர் என்பவர் 1881-ல் புத்தகமே எழுதினார். நம்பிக் குடியேறினார்கள். சில வருஷம் மழையும் பெய்தது. 1890-களின் வறட்சியில் ஏராளமான குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு திரும்பின. போஸ்டரில் இல்லாத இன்னொரு வரியும் உண்டு. அது பானி, ஓட்டோ போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்த மண். அவர்கள் எங்கே போனார்கள் என்று எந்த போஸ்டரும் சொல்லவில்லை.

'சட்டம் எதற்கு இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, தமிழ்நாட்டில் எத்தனை பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்! பிறகு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டினார்கள். 'அப்ரூவல் இல்லை' என்ற ஒரு வரி நோட்டீஸில் இல்லாமல் போனதற்கு வாங்கினவர்கள் கொடுத்த அபராதம் அது. அதே 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இருக்கணும். பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம்.

நல்ல சட்டம்தான். அது கேட்கிற வரிகளை அச்சடிக்கிறார்கள். மூலையில், எறும்பு சைஸில். கேட்காத வரியை யார் அச்சடிப்பார்கள்? அங்கேதான் சட்டம் நின்று மனசாட்சி ஆரம்பிக்கிறது.

அதற்கு ஒரு சின்ன அளவுகோல் வைத்திருக்கிறேன். தத்துவவாதிகள் வேண்டாம், நம்ம ஊர் உறவுமுறை போதும். அந்த மனையைத் தன் தங்கச்சி மாப்பிள்ளைக்கு விற்பதாக இருந்தால், விற்கிறவர் என்ன சொல்வார்? 'மாப்ளே, கிழக்கு வரிசையை எடுக்காதீங்க, தண்ணி உப்பு. மேற்கே ரெண்டு தள்ளி எடுங்க.' தங்கச்சி வீட்டுக்குச் சொல்வதை ஊராருக்குச் சொல்லாமல் விட்டால், அந்த மௌனத்துக்கு ஏமாற்று என்றுதான் பேர். தங்கச்சி மாப்பிள்ளையிடமும் சொல்ல மாட்டார் என்றால், அந்த ஆளிடம் டீகூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

இவ்வளவு நேரம் புரோக்கரைத் திட்டியதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு திருப்தி. ஆனால், ஒன்று கேட்கிறேன். வேனில் போனவர்களில் எத்தனை பேர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள்? நிறைய பேர் கேட்பதில்லை. ஏன்? அங்கே குடியிருக்கப் போவதில்லையே! மூன்று வருஷம் போட்டு வைத்து, டபுள் விலைக்கு இன்னொருத்தர் தலையில் கட்டுவதுதான் திட்டம். தெரிந்துகொண்டால், நாளைக்குச் சொல்ல வேண்டியிருக்கும். தெரியாமல் இருப்பதே வசதி. இப்படி, பத்திரத்தோடு சேர்த்து மௌனமும் கைமாறிக்கொண்டே போகிறது. கடைசியில், வீடு கட்டத்தான் வாங்குகிறேன் என்று வருகிற ஒரு அப்பாவி, முந்தின எல்லோருடைய மௌனத்துக்கும் சேர்த்து டேங்கர் லாரிக்காரரிடம் பணம் கட்டுகிறார்.

அந்தச் சங்கிலியை யாராவது ஒருத்தர் அறுக்கலாம். பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நோட்டீஸைத் திருப்பிப் பாருங்கள். பல நோட்டீஸ்களின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். பட்டா, வில்லங்கம், அப்ரூவல், தண்ணீர், மழை பெய்தால் நிற்குமா, இதற்கு முன்னால் இது யாருடைய காடு... கேட்க வேண்டியதை அதில் எழுதி, பக்கத்துக் காட்டு விவசாயியிடம் போய்க் கேளுங்கள். அவருக்கு விற்க எதுவும் இல்லை, உண்மையைச் சொல்வார். பதிலையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளைப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். என்றைக்காவது அந்த இடத்தை நீங்கள் விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவரிடம் முதலில் அதைக் கொடுங்கள்.