மாவு மட்டும் ஊறலாம்

பரோட்டா வீசக் கற்றுக்கொண்டவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கை எப்போது வந்தது என்று நினைவிருக்கும், எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாது. தேக்கா நிலையத்தில் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னதும் அப்படித்தான். பல நாள் மாவு கிழிந்ததாம், ஓரம் தடித்ததாம். பிறகு ஒருநாள் லீவு. மறுநாள் காலையில், "சட்டுனு பிடிபட்டுடுச்சு தம்பி." மிருதங்கம் பழகும் நண்பர்களிடமும் இதே 'சட்டுனு' உண்டு.

எனக்கு அந்தச் 'சட்டுனு' மேல் சந்தேகம். 2002இல் மேத்யூ வாக்கரும் சக ஆய்வாளர்களும் சிலரை விரல்களால் ஓர் எண்வரிசையைத் தட்டப் பழக்கினார்கள். காலையில் பழகி, பகல் முழுக்க விழித்திருந்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள், இடையில் கூடுதல் பயிற்சி எதுவுமே இல்லாமல். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழக ஆய்வாளர்கள் இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். 10 விநாடி தட்டு, 10 விநாடி சும்மா இரு. தொடக்கத்தில் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் அந்தச் சும்மா இருந்த விநாடிகளில்தான் வந்திருந்தது. இதில் பாதி வெறும் களைப்பு நீங்கியதுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கட்டும். களைப்பு நீங்குவதற்கும் ஓய்வுதானே வேண்டும்?

பரோட்டாக் கடையில் இது புது விஷயமே இல்லை, மாவைப் பொறுத்தவரை. பிசைந்த கையோடு வீசினால் கிழியும். பிசையும்போது இறுகிய மாவு தளர வேண்டும் என்று உருட்டி, எண்ணெய் தடவி, மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சில கடைகளில் ராத்திரி முழுக்க. மாவைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. பழகுகிற பையனுக்குத்தான் "விடாம போடு, போடப் போடத்தான் வரும்."

டியூஷனில் வளர்ந்த நம் தலைமுறைக்கும் ஓய்வு என்பது வேலை முடிந்தபின் கிடைக்கும் பரிசு. பரீட்சை முடியட்டும், புராஜெக்ட் முடியட்டும். அது வேலையின் உள்ளேயே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நமக்காவது பரவாயில்லை. இந்த ஊரில் வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி 2013இல்தான் வந்தது. அதிலும், அவர் ஒப்புக்கொண்டால் அந்த நாளுக்குப் பதில் பணம் கொடுத்துவிடலாம். மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணமாக்கக் கூடாது என்றானது 2023இல். படுத்த படுக்கையான ஒரு தாத்தாவை, அவருக்கும் வலிக்காமல் தன் இடுப்பும் பிடிக்காமல் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது பரோட்டா வீசுவதைவிடக் கடினமான கைப்பழக்கம். அதை ஏழு நாளும் பழகச் சொல்கிறோம், ஊற விடுவதில்லை. ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா? அவர் விற்றது எட்டு மணிநேரம் மட்டும் இல்லையே.

ஆனால் இப்படி வாதிடும்போதே எனக்கு ஓர் உறுத்தல். ஓய்வு கொடுங்கள், வேலை நன்றாக நடக்கும் என்று சொன்னால் ஓய்வும் ஒருவகை ஓவர்டைம் ஆகிவிடுகிறது. முதலாளிக்குப் புரியும் மொழி அதுதான், அதனால் அதிலேயே பேசிவிடுகிறோம். நாளைக்கே இந்த ஆய்வுகள் எல்லாம் தப்பு, தூங்கினால் திறமை ஒரு துளிகூட வளராது என்று நிரூபணமானால் என்ன செய்வோம்? அந்த ஒருநாளையும் திரும்ப வாங்கிக்கொள்வோமா?

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா புல்வெளியில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் கட்டுமானத் தொழிலாளியிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை. தூங்குகிறவரை எழுப்பிக் கேட்கிற கேள்வியா இது?