வாதத்துக்கு வராதவர்கள்

எதிரியோடு வாதாட மறுக்கும் தலைவனைக் கோழை என்று சொல்லிவிடுவது சுலபம். 1960-ல் கென்னடியோடு நான்கு முறை தொலைக்காட்சியில் வாதாடியும் தேர்தலில் தோற்றவர் நிக்ஸன். 1968-லும் 1972-லும் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு முறையும் ஜெயித்தார். 1964-ல் ஜான்ஸனும் கோல்ட்வாட்டரோடு வாதத்துக்கு வரவில்லை. 44 மாநிலங்கள் அவருக்குக் கிடைத்தன. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால், வியட்நாமுக்குப் பிள்ளைகளை அனுப்புவீர்களா என்று நேருக்கு நேர் கேட்க ஆளில்லாமல் போயிற்று. 1965 மார்ச்சில் அமெரிக்கப் போர்ப்படை அங்கே இறங்கியது. கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மேடையிலும் பொய் பேசலாம்.

வம்புக்கு இழுப்பவனிடம் வாயை மூடிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவன் கதை வேறு. எதிரிக்குப் பதில் சொல்ல அவன் மறுக்கும்போது, அந்த எதிரிக்குப் பின்னால் நின்று பதிலுக்குக் காத்திருப்பவர்கள் நாம் அல்லவா?