வினைப்பயனும் இறைவன் ஆணையும்

சிவமயம்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பது சைவ சித்தாந்தத் துணிபு. இதனை நம் அன்பர்கட்கு யாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பாசத்தின் ஒரு கூறாகிய கன்மத்தைக் குறித்து உலக வழக்கில் உலவும் ஒரு சொல் சைவர் நாவிலும் ஏறியிருத்தலைக் காண்கின்றோம். பிறர் துன்புறக் கண்டவிடத்து, "அஃது அவரவர் வினை, நாம் செய்யத்தக்கது யாதுளது?" என்று அகன்று போதலே அது. இச்சொல் சித்தாந்தத்துக்கு இயைவதோ என்று ஈண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு இடம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மிக்ஜாம் புயலையொட்டிப் பெருகிய வெள்ளத்தோடு கழிவெண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவிற்று. படகும் வலையும் கரிய எண்ணெய் படிந்து கெட்டன. மீனும் நண்டும் இறாலும் பிடித்து வயிறு வளர்ப்போர் தொழிலிழந்தனர். அத்திங்கள் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தின் அருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா வாயு கசிய, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். இவ்விரண்டினையும் "முன்னை வினை" என்னும் ஒரு சொல்லால் முடித்தாரை யாம் கேட்டிருக்கின்றோம்.

இனி, வினையின் இயல்பை நோக்குவாம். வினை சடம். சடமாகலின் தன்னைச் செய்தவன் இன்னான் என்று அறியாது. அவனைத் தேடிச் சென்று பயன் ஊட்டவும் மாட்டாது. உயிரோ சித்துப் பொருளாயினும் ஆணவத்தால் மறைப்புண்டு சிற்றறிவினதாய் நிற்றலின், தன் வினைப்பயனைத் தானே தெரிந்தெடுத்து நுகரவும் வல்லதன்று. வல்லதாயின் இன்பத்தை எடுத்துத் துன்பத்தை விடுக்குமன்றோ? இராயபுரத்தினின்று புகைவண்டி 1856-ஆம் ஆண்டு முதன்முதல் ஓடிற்று. தண்டவாளம் இட்டிருந்ததனாலேயே வண்டி ஓடிவிட்டதோ? ஏறியிருந்தார் ஓட்டினரோ? செலுத்துவான் ஒருவன் வேண்டப்பட்டான். அவ்வாறே, வினையாகிய வழியும் உயிராகிய பயணியும் இருப்பினும் கூட்டுவிப்பான் ஒருவன் இன்றியமையான். அவனே பதி. மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரு சூத்திரங்களுள் இரண்டாவது, உயிர்களின் போக்கு வரவு இருவினைக்கேற்ப இறைவன் ஆணையால் நிகழ்தலை நிறுவுவதும் இக்கருத்துப் பற்றியே.

அற்றேல், இறைவன் துன்பத்தையும் ஏன் கூட்டுகின்றான்? பழிவாங்குதற்கன்று, மலம் பரிபாகமுறுதற்பொருட்டே. இதற்குத் திருவொற்றியூரே சான்று பகரும். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின் கீழ்ச் சூளுற்ற நம்பியாரூரர், ஆரூர் வசந்த விழாவின் நினைவு தூண்ட, அவ்வூர் எல்லையைக் கடந்தார். கடந்தவளவில் இரு கண்ணொளியும் மறைந்தன. தோழரென்று இறைவன் சூளுறவின் பிழையைப் பாராது விடவில்லை. விடாதவன் கைவிட்டானோவெனின், அதுவும் இல்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஈந்தான். காஞ்சியில் இடக்கண் ஈந்தான். திருவாரூரில் வலக்கண் ஈந்தான். கண்ணை மறைத்த கையே கோலும் கொடுத்தது. ஒறுத்தலும் அருளே என்பதற்கு இதனினும் தெளிவு வேண்டா.

ஈண்டு ஒரு தடை எழும்: "வருவது வினைப்பயனாயின், அதனை வருவித்தவனுக்குக் குற்றம் யாது? அவன் ஆணையின் கருவியே அன்றோ?" எனின், அன்று. பிராரத்தம் மூன்று வாயிலால் வரும் என்பர். தெய்வத்தால் வருவது ஆதிதைவிகம். காற்று, மழை, தீ முதலிய பூதங்களால் வருவது ஆதிபௌதிகம். பிற உயிர்களால் வருவது ஆதியான்மிகம். புயல் ஆதிபௌதிகம். புயலுக்கு ஆகாமியம் இல்லை, அது சடம். எண்ணெயும் வாயுவும் மக்கள் கையாளும் பொருள்கள். அவற்றை எவரேனும் அறிந்து விடுத்தாராயினும், காக்கக் கடமைப்பட்டும் காவாதிருந்தாராயினும், அவர் கத்தியைப்போல் வெறுங்கருவியல்லர். இச்சையும் ஞானமும் கிரியையும் உடையார். ஆகலின் உற்றார்க்குப் பிராரத்தமாய்க் கழிவது, செய்தார்க்கு ஆகாமியமாய் ஏறும். கொலைத்தண்டம் விதிக்கப்பட்ட ஒருவனை வழியில் வேறொருவன் வெட்டினால், "எப்படியும் இறக்கவேண்டியவனே" என்று நீதிமன்றம் அவனை விடுமோ? விடாது. அரசன் முறையே அவ்வாறாயின், முற்றறிவுடையான் முறை எங்ஙனம் பிறழும்?

பிறிதொரு தடையும் உண்டு: "துன்பம் நுகர்ந்தே கழியவேண்டுமாயின், இடைப்புகுந்து உதவுதல் ஆணையைத் தடுத்தலாகாதோ?" எனின், ஆகாது. ஆணையைத் தடுக்கும் ஆற்றல் யார்க்கும் இல்லை. துன்பம் ஒருவர்க்கு வினைவழி வருதல் போலவே, மருந்தும் சோறும் ஆறுதற் சொல்லும் வினைவழியே வரும். அவற்றை எவர் கையால் ஊட்டவேண்டும் என்பது இறைவன் திருவுளம். நம் கை நீளவேண்டிய இடத்து அதனை மடக்கிக்கொள்ளுதலும் ஒரு வினையே. அதன் பயன் நம்மைச் சாரும். ஒற்றியூர்க் கலிய நாயனார் செக்குத் தொழிலினர். செல்வம் தேய்ந்தது, கூலிக்குச் செக்காட்டினார், கூலியும் அற்றது. வறுமையைத் தம் வினையென்று கொண்டாரேனும் விளக்கேற்றுதலை விடுத்தாரல்லர். எண்ணெய்க்கு மாறாகத் தம் குருதியை நிறைக்கத் துணிந்தபோது இறைவன் கைபிடித்துத் தடுத்தருளினான். நுகர்ச்சி வேறு, கடமை வேறு என்பது அவ்வடியார் காட்டிய நெறி.

இனி முடிந்த முடிபைக் கூறுவாம். "என் வினை" என்று ஒருவன் தன் துன்பத்தைக் குறித்துச் சொல்லின் அது பணிவு; பிறர்பால் பகை தணியும், இருவினையொப்புக்கு வித்தாகும். அதே சொல்லைப் பிறன் துன்பத்தின்மேல் ஏற்றி, "உன் வினை" என்று கூறி விலகினால் அஃது ஆணவம். என்னை? பிறன் சஞ்சிதக் கணக்கைக் கண்டார் நம்முள் யாவருளர்? அது பதி ஒருவனே அறிவது. அவன் அறிவைத் தனதாகப் பேசும் பசு, தன்னை மறைத்து நிற்கும் மலத்தையே பேசுகின்றது. சித்தாந்தத்தின் சொல்லை எடுத்துச் சித்தாந்தத்தின் பகைவனுக்குப் படைக்கலமாக்குதல் நமக்கு அடாது.

ஆகலின், மடாலயங்களிலும் சபைகளிலும் கன்மத்தைப் போதிக்கும் அறிஞர்கள், இவ்விரு கூற்றையும் பிரித்துணர்த்துதல் வேண்டும். கழிமுகத்தில் வலையிழந்தான் ஒருவன் நம் வாயிலில் வந்து நிற்பின், அவனுக்கு முதற்கண் உரைக்கத்தக்கது சூத்திரமன்று; இடத்தக்கது சோறும், தேடத்தக்கது அவனுக்குரிய நீதியுமாம். சூத்திரம் நமக்கு, நம்மை எழுப்புதற்கு.

ஒற்றியூரில் ஆதிபுரீசர் புற்று வடிவினராய்க் கவசத்துள் மறைந்திருக்கின்றார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாளே கவசம் நீங்கிக் காட்சி தருகின்றார். ஏனைய நாள்களில் அவர் அங்கு இலர் என்று கூறுவார் யாரும் இலர். அவ்வாறே, துன்புறும் உயிரினுள்ளும் இறைவன் திரோதானத்தால் மறைந்து உடனாய் நிற்கின்றான். அம்மறைப்பினுள் அவனைக் கண்டு தொழுதல் சிவநேசர் கடனாம்.

திருச்சிற்றம்பலம்