பாரமும் தர்மமும்

மனிதனை மனிதன் சுமப்பது தர்மத்துக்கு இசைந்ததா என்ற வினா, சாஸ்திர விசாரங்களைக் காட்டிலும் ஜவ்வாது மலையின் ஒற்றையடிப் பாதைகளில்தான் கூர்மையாக எழுகிறது. ஜமுனாமரத்தூருக்குப் பேருந்து வந்து நெடுங்காலமாயினும், சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து பிரசவ வேதனையுற்ற பெண்ணையும் நோயில் விழுந்த முதியவரையும், மூங்கில் கழியில் போர்வையால் டோலி கட்டி, முன்னொருவர் பின்னொருவராகத் தோள் மாற்றிச் சுமந்து இறங்கும் நிலை மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.

இவ்வினாவைத் தம் தொழிலாலேயே எதிர்கொண்டவர் நவல்மல் ஃபிரோடியா. காந்தியடிகளைப் பின்பற்றிச் சிறை சென்ற அவர், ரிக்‌ஷாவில் மனிதனை மனிதன் இழுக்கும் இழிவு நீங்கவேண்டும் என்ற வேட்கையால் மூன்று சக்கர மோட்டார் வண்டியை நாடினார். 200 சி.சி.க்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்கு வரியும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாமென்று 1928இல் ஜெர்மனி விதி செய்தபோது, சிறு வணிகர்களுக்காக அத்தகைய வண்டிகளைச் செய்து வளர்ந்தது ஹாம்பர்க்கின் விடால் நிறுவனம். அதன் கூட்டுறவோடு 1958இல் பிறந்ததே ஃபிரோடியாவின் பஜாஜ் டெம்போ நிறுவனம். முன்சக்கரம் ஒன்றே பாரமனைத்தையும் இழுத்துச் செல்லும் ‘ஹன்சியாட்’ வண்டி இவ்வாறு நம் தெருக்களுக்கு வந்தது. 1909இல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் யந்திரத்தை வன்மையாகக் கண்டித்த காந்தியடிகளே, 1924இல் தையல் யந்திரத்துக்கு விலக்களித்தார் என்பதை நினைத்தால், இச்சீடரின் செயலில் நான் முரண்பாடு காணவில்லை. உடலின் வதையைக் குறைக்கும் யந்திரம் அகிம்சையின் கருவியே.

எனினும் ரிக்‌ஷாவும் டோலியும் ஒன்றல்ல. வறுமை விரட்ட, கூலிக்காக, நோயற்ற ஒருவனை மற்றொருவன் இழுத்தது மானுடத்துக்கே அவமதிப்பு. 1973இல் தமிழகம் கைரிக்‌ஷாவை ஒழித்தது புண்ணிய காரியம். டோலி சுமப்பவனோ அன்பினால் சுமக்கிறான். அவன் செய்வது தர்மம். ஆனால் அவனுடைய தர்மத்தைப் புகழ்ந்துகொண்டே, அதை அவன்மீது சுமத்திய நம் அலட்சியத்தை மறப்போமாயின் அது அதர்மம். சந்தனமும் புளியும் சாமையும் மலையிறங்க வழி கண்டோமே, பிள்ளைப்பேற்றுக்கு இறங்குபவளுக்கு ஏன் காணவில்லை?

காட்டைக் காப்பதும் அறமாயிற்றே என்பாருண்டு. மெய்தான், மரங்களை வீழ்த்தி அகலப் பெருவழி போடவேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. சிறு வண்டியொன்று நோயாளியுடன் நிதானமாக ஏறி இறங்கும் அளவுக்கு, மழையில் அரிபடாத குறுகிய பாதை ஒவ்வோர் ஊருக்கும் போதும்.