நீ என்று சொல்லும் உரிமை

ஜெர்மானியர்களிடையே ‘புரூடர்ஷாஃப்ட்’ குடிப்பது என்றொரு பழைய வழக்கம் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சகோதரத்துவம் என்று பொருள். கோப்பை ஏந்திய கைகளை இருவர் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக்கொண்டு, கோத்தபடியே அவரவர் மதுவைக் குடிக்கிறார்கள். பிறகு முத்தமிட்டு, தங்கள் முதற்பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவரை ‘ஸீ’, அதாவது ‘நீங்கள்’ என்று பேசிவந்தவர்கள் அந்த நொடியிலிருந்து ‘டூ’, அதாவது ‘நீ’ என்று பேசுகிறார்கள். இதை முன்மொழியும் உரிமை வழக்கமாக மூத்தவருக்கே உண்டு. போலந்திலும் ரஷ்யாவிலும் இந்தச் சடங்குக்கு இன்றும் ஜெர்மன் பெயர்தான். பார்ப்பதற்கு இது விருந்துமேசை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் மெய்யியலின் கடினமான கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: நட்பை ஒரு சடங்கால் உண்டாக்க முடியுமா?

முடியாது என்பதே அரிஸ்டாட்டிலின் கட்சியாக இருந்திருக்கும். நட்பு வேண்டும் என்ற ஆசை விரைவில் வரும், நட்பு அப்படி வராது என்கிறார் அவர். சேர்ந்து உப்புத் தின்று பழகாதவரை ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார். பாசத்தைப் பற்றிய அளவில் இதை மறுக்க வழியில்லை. ஆயினும் நட்பு பாசம் மட்டும்தானா? பிடித்திருக்கிறது என்பதற்காகப் பழகுகிறவர், பிடிக்காமல் போன நாளில் விலகிப் போகலாம். அவரிடம் யாரும் நியாயம் கேட்க முடியாது. நண்பரிடம் கேட்கலாம். கேட்கும் அந்த உரிமை எங்கோ ஓரிடத்தில் பிறந்திருக்க வேண்டும். பாசம் தானாக வளர்வது. உரிமையோ ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கிக்கொள்வது. புரூடர்ஷாஃப்ட் உண்டாக்குவது இந்த இரண்டாவதைத்தான் என்பது என் வாதம். அடால்ஃப் ரைனாக் என்ற ஜெர்மன் மெய்யியலாளர் 1913இல் வாக்குறுதியை ஆராய்ந்தபோது, அது மனத்துக்குள் எடுக்கும் முடிவு அல்ல என்று காட்டினார். எதிரில் இருப்பவர் காதில் விழுந்தாக வேண்டிய செயல் அது. விழுந்ததும் ஒருவருக்குக் கடமையும் மற்றவருக்கு உரிமையும் பிறக்கின்றன. கோத்த கைகளையும் உரக்கச் சொன்ன பெயரையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவற்றின் தேவை புரிகிறது. இனி உன்னை எட்ட நிறுத்தமாட்டேன் என்பதை இருவரும் ஒரே நேரத்தில், கேட்கும்படி, சொல்லிக்கொள்கிறார்கள்.

குடித்தவன் வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். மது நாக்கையும் நெஞ்சையும் திறக்கிறது என்று ஒப்புக்கொண்ட ஜெர்மன் மெய்யியலாளர் கான்டே, 1797இல் வெளிவந்த தம் அறநூலில் குடிவெறியை மனிதன் தனக்குத்தானே இழைக்கும் தீங்காகத்தான் வைத்தார். ஆனால் இந்தச் சடங்கின் உண்மையான சோதனை மறுநாள் காலையில் வருகிறது. போதை தெளிந்த இருவர் அலுவலக நடையில் எதிர்ப்படுகிறார்கள். ‘டூ’ என்று அழைப்பதா, பழையபடி ‘ஸீ’க்குத் திரும்பிவிடுவதா? திரும்புவது மற்றவருக்கு அவமதிப்பு. தொடர்வதோ, சில வேளை, கூச்சம். அந்தத் தயக்கமே முந்தைய இரவு ஏதோ நடந்துவிட்டது என்பதற்குச் சான்று. ஒன்றும் நடக்கவில்லை என்றால் தயங்க ஏது காரணம்? மது செய்தது வாயிலைத் திறந்துவிட்டது மட்டும். தெளிந்த தலையோடு ‘டூ’ என்று சொல்லும் அந்த முதல் காலைதான் வாக்குக்கு ஒப்பமிடுகிறது. மேலதிகாரி கோப்பையை நீட்டும்போது இளையவர் மறுக்க முடியாத நிலை இருக்குமானால், அது கட்டாயக் கல்யாணம் போலச் செல்லாத சடங்கு. மறுக்க இடமிருந்தால்தான் ஏற்பதற்குப் பொருள் உண்டு.

‘நீ’ என்பது மரியாதையைக் குறைத்துவிடாதா என்ற தடையும் உண்டு. அன்பு இருவரையும் நெருங்க இழுக்கிறது, மரியாதை உரிய தொலைவில் நிறுத்துகிறது, நட்புக்கு இரண்டும் வேண்டும் என்கிறார் அதே கான்ட். ஆனால் அந்தத் தொலைவைக் காப்பது மரியாதைப் பன்மை ஒன்றுதான் என்று யார் சொன்னது? ஜெர்மன் மொழியில் ஆண்டவனை வேண்டுகிறவர்களும் ‘டூ’ என்றே அழைக்கிறார்கள். தமிழில் இறைவனை ‘நீ’ என்று பாடிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் கத்தோலிக்கப் பகுதிகளில் டிசம்பர் 27 அன்று, யோவான் திருநாளில், மந்திரித்த திராட்சை மதுவை அந்தப் புனிதரின் அன்பை நினைந்து பருகும் மரபும் இருக்கிறது. அங்கும் கோப்பை மரியாதையைக் குலைப்பதில்லை.

எனக்கு மிகக் கடினமாகப் படும் மறுப்பு ஜெர்மன் கவிஞர் கதேயின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. அவரும் இன்னொரு கவிஞரான ஷில்லரும் 1794 முதல் 1805இல் ஷில்லர் இறக்கும்வரை நெருங்கிய நண்பர்கள். கடைசிவரை ‘ஸீ’ என்றே எழுதிக்கொண்டார்கள். ஆகவே ‘டூ’ இல்லாமலும் நட்பு உண்டு. இதை நான் மறுக்கவில்லை. இரண்டு படைப்பாளிகள் ஒருவர் எழுத்துக்கு மற்றவர் பொறுப்பேற்றுக்கொண்ட அந்தப் பதினோரு ஆண்டுகளில் உரிமை வேறு வழியாகப் பிறந்தது. சடங்கு ஒரு வாயில். ஒரே வாயில் அல்ல. ஆனால் அதே கதே, பெர்லின் இசையமைப்பாளர் ட்ஸெல்ட்டரிடம் நடந்துகொண்டதைப் பாருங்கள். 1812இல் ட்ஸெல்ட்டரின் வளர்ப்பு மகன் தற்கொலை செய்துகொண்டான். துக்கம் தாளாமல் ட்ஸெல்ட்டர் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதுகையில், பல ஆண்டுகளாக ‘ஸீ’ என்றே எழுதிவந்த கதே ‘டூ’ என்று எழுதினார். மதுவும் இல்லை, கோத்த கைகளும் இல்லை. ஆறுதல் சொற்களை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைக் கொடுக்கக் கதேயால்தான் முடியும். அதன்பின் இருபது ஆண்டுகள், 1832 மார்ச்சில் கதே இறக்கும்வரை, கடிதங்கள் ‘டூ’ என்றே போய் வந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் ட்ஸெல்ட்டரும் இறந்தார்.