துணிவின் இடம்

உயிரைப் பொருட்படுத்தாமை துணிவாகுமா? மோட்டார் சைக்கிள் சாகச விளையாட்டு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. சாய்தளத்தில் விரைந்தேறி, வண்டியோடு வானில் கரணமிட்டு, அப்பாலுள்ள மண்மேட்டில் இறங்கும் வீரனைக் கண்டதும், கேரி தீவின் செம்பனைத் தோட்டத்து இளைஞனுக்கும் பறக்கும் ஆவல் எழுவது இயல்பே. வண்டி இருக்கிறது; ஆளரவமற்ற மண்பாதையும் இருக்கிறது. இனி என்ன வேண்டும் என்று அவன் கேட்கலாம்.

வேண்டுவன பல. இக்கலையைப் பயில்வோர் முதலில் நிற்கக் கற்கின்றனர். மிதிகளில் காலூன்றி, முழங்காலை வளைத்து, அதிர்ச்சியை உடலால் தாங்கப் பழகுகின்றனர். பின்னர், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மண் நிரப்பிய தட்டையான மேட்டில் தாவுகின்றனர். தாவல் குறைந்தாலும் அங்கே பள்ளத்தில் விழ நேராது. தலைக்கவசமும் மார்புக் கவசமும் இன்றி எவரும் தொடங்குவதில்லை.

வானில் இருக்கும்போதும் வண்டியை ஓரளவு ஆளலாம். முடுக்கியைத் திருகினால் முன்சக்கரம் உயரும். பின்தடையை அழுத்தினால் தாழும். ஆனால், தளத்தை விட்டெழுந்த பின் வேகத்தைக் கூட்ட எவராலும் இயலாது. தாவலின் முடிவு பெரிதும் தரையிலேயே உறுதியாகி விடுகிறது. துணிவின் இடமும் அதுவே. அஞ்சத்தக்கதை அறிந்து அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்ததன் பொருள் இங்கே தெளிவாகிறது.

2006ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டிராவிஸ் பாஸ்ட்ரானா இரட்டைப் பின்கரணமிட்டபோது பார்த்தோர் வியந்தனர். நுரைப்பஞ்சு நிரப்பிய குழியில் அவர் விழுந்து விழுந்து பெற்ற பயிற்சியே அவ்வியப்பை விளைத்தது. எனினும், 2009ஆம் ஆண்டில் ஜெரமி லஸ்க் என்னும் தேர்ந்த வீரர் கோஸ்டா ரிகாவில் பின்கரணமிடுகையில் வீழ்ந்து மாண்டார். அவ்வாறாயின் பயிற்சி எதற்கு? ஏற்கும் ஆபத்து எத்தகையது என்று அறிந்து ஏற்பதற்கே. அறியாது ஏற்பவன் தன் உயிரைத் தற்செயலிடம் ஒப்படைக்கிறான். அவன் கால் முறிந்தால் அவன் மட்டுமா வீழ்கிறான்? அவன் ஊதியத்தை நம்பிய தாயும் தங்கையும் உடன் வீழ்கின்றனர்.

கேரி தீவே இதற்கொரு பாடம். தாழ்ந்த அந்நிலத்தில் கரை எழுப்பிக் கடல்நீரைத் தடுத்து, வடிகால் வெட்டிய பின்னரே பயிர் நிலைத்தது. கடலுக்கு அஞ்சியோர் ஓடிவிடவில்லை, அஞ்சாதவர் போல் நடிக்கவுமில்லை, கரை கட்டினர்.

இளைஞனும் தன் ஆவலுக்குக் கரை கட்டிக்கொள்ளல் வேண்டும். அவனை அடங்காதவன் என்று பழிக்கும் மூத்தோர்க்கும் ஒரு கடமை உண்டு. பாதுகாப்பாக விழுந்தெழ ஒரு களமும், கற்பிக்க ஓர் ஆசானும் தந்தோமா என்று அவர்கள் முதலில் தம்மையே வினவிக்கொள்ளட்டும். களம் தராமல் கண்டனம் மட்டும் தருவது அறமாகாது.