கோல் கோட்டில் ஒரு கை

முதலில் கால்பந்தில் நடுவரே கிடையாது, தெரியுமோ? 1863-ல் லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்னில் கூடி எழுதிய விதிகள் மொத்தம் 13. எதிராளியின் காலை உதைக்கலாமா கூடாதா என்று பெரிய ரகளை. கூடாது என்றதும், உதை இல்லாவிட்டால் அது ஒரு வீரமான ஆட்டமா என்று பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. அந்த 13-ல் நடுவரைப் பற்றிப் பேச்சே இல்லை. உதைத்தால் என்ன தண்டனை? அதுவும் இல்லை. ஆடுவது ஜென்டில்மேன்கள் ஆயிற்றே! தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்ப்பார்கள்.

அயர்லாந்தில் மில்ஃபோர்டு கிராமத்து கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம் 1890-ல் பெனால்டி கிக்கை யோசனையாகச் சொன்னபோது சிரித்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் நாட்ஸ் கவுன்ட்டி ஆள் ஒருவர் கோல் கோட்டில் பந்தைக் கையால் தடுத்தார். ஸ்டோக்குக்குக் கிடைத்தது வெறும் ஃப்ரீ கிக். கோல்கீப்பர் பந்துக்கு நேர் எதிரே நின்று மறித்துவிட்டார். ஸ்டோக் 1-0 என்று தோற்றது. ஜூனில் பெனால்டி விதி வந்துவிட்டது.

கொரிந்தியன் கிளப்பின் சி.பி.ஃப்ரைக்கு இந்த விதி பெரிய அவமானம். நாங்கள் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுவோம் என்று எப்படி நினைக்கலாம் என்பது அவர் கட்சி. கொரிந்தியன்கள் தங்களுக்குக் கிடைத்த பெனால்டியை வேண்டுமென்றே வெளியே அடிப்பார்களாம். பணக்கார ரோஷம் என்று நாம் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான், 2010 வரை.

ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பை கால் இறுதி. 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷம். கானாவின் பந்து உள்ளே போகிறது. கோட்டில் நின்ற உருகுவேயின் சுவாரெஸ் இரண்டு கையாலும் தடுக்கிறார். சிவப்பு அட்டை. பெனால்டியை அசமோவா கியான் கம்பத்தில் அடிக்கிறார். வெளியேறிக்கொண்டிருந்த சுவாரெஸ் துள்ளிக் குதிக்கிறார். உருகுவே ஷூட்-அவுட்டில் ஜெயித்தது.

இப்போது சொல்லுங்கள், அவர் ஏமாற்றினாரா? ஒளிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. அரையிறுதியில் ஆட முடியவில்லை. விதி கேட்டதை முழுசாகக் கொடுத்துவிட்டார். தண்டனை இன்னது என்று எழுதி வைத்தவுடன், தப்புக்கு ஒரு விலை போட்டாற்போல ஆகிவிடுகிறதே! 'நோ பார்க்கிங்'கில் வண்டியை விட்டு, 'ஃபைன்தானே, கட்டிடறேன் சார்' என்கிறவரிடம் போலீஸ்காரர் என்ன பேசுவார்?

அதற்காக, தண்டனையே வேண்டாம் என்ற ஃப்ரையின் பக்கமும் என்னால் போக முடியவில்லை. தோற்ற ஸ்டோக்குக்கு யார் பதில் சொல்வது?

2022-ல் கானாவுடன் மறுபடி ஆடுவதற்கு முன்னால் சுவாரெஸிடம் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்க மாட்டேன், பெனால்டியைத் தவறவிட்டது நானில்லையே என்றார்.